ஒரேயொரு படம்: அலெக்சாண்டர் அஸ்கோல்டோவ்

ரஷ்யத் திரைப்படம் என்றதும் ஐசென்ஸ்டைனையும் தார்கோவ்ஸ்கியையும் நினைவுகூர்வதே நம்மவர் வழக்கம். வாழ்நாளில் ஒரேயொரு கதைப்படத்தை மட்டுமே நெறியாண்ட அலெக்சாண்டர் அஸ்கோல்டோவை அறிந்தோர் சிலரே. அந்த ஒரு படமும் இருபது ஆண்டுகள் பூட்டிவைக்கப்பட்டிருந்தது.

1932 இல் பிறந்த அஸ்கோல்டோவின் தந்தையார் செம்படைக் கொமிசார். ஸ்டாலினின் களையெடுப்பில் அவர் கொல்லப்பட்டார், தாயாரும் கைதுசெய்யப்பட்டார். அப்போது ஐந்து வயதுச் சிறுவனாக இருந்த அஸ்கோல்டோவுக்குக் கியேவ் நகரில் அடைக்கலம் கொடுத்தது ஒரு யூதக் குடும்பம். அவர்கள் பின்னர் பாபி யார் படுகொலையில் மாண்டனர் என அவரே கூறியிருக்கிறார்.

இதனை மனதிற்கொண்டே அவரது 'கொமிசார்' படத்தைப் பார்த்தல் வேண்டும். வசீலி குரோஸ்மன் 1934 இல் எழுதிய சிறுகதையே அதன் மூலம். உள்நாட்டுப் போர்க்காலத்தில், கர்ப்பமுற்ற பெண் கொமிசார் ஒருத்தி ஏழை யூதத் தகரவேலைக்காரனின் வீட்டில் தங்கவைக்கப்படுகிறாள். அங்கே பிள்ளையைப் பெற்று, அதனை அக்குடும்பத்திடமே விட்டுவிட்டுப் போர்முனைக்குத் திரும்புகிறாள். கதை இவ்வளவுதான். எனினும், பிற்காலத்தில் அந்த யூதர்கள் சாவை நோக்கி நடத்திச் செல்லப்படும் காட்சியொன்றையும் அஸ்கோல்டோவ் இடையிலே வைத்திருந்தார். குரோஸ்மனின் கதையில் அது இல்லை. 1934 இல் இருந்திருக்கவும் முடியாது.

படம் முடிந்தது 1967 இல். அவ்வாண்டு ஜூனில் அரபு-இஸ்ரேல் போர் மூண்டு, மொஸ்கோ இஸ்ரேலுடனான உறவையே முறித்துக்கொண்டிருந்தது. யூதரைப் பரிவோடு காட்டும் படத்துக்கு அதைவிடப் பொல்லாத வேளை அமைந்திராது. அதிகாரிகள் வெட்டச் சொன்னார்கள், அவர் மறுத்தார். நாலு வரியை விட்டுக்கொடுத்து மீதியை அச்சேற்றுவது பத்திரிகைக்காரரின் சாமர்த்தியம். அஸ்கோல்டோவுக்கு அது வாய்க்கவில்லை. கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். தொழிற்றகுதி அற்றவர் என்று சொல்லி ஸ்டூடியோவும் வெளியேற்றியது. கதாநாயகியாக நடித்த நொன்னா மோர்தியுகோவாவின் மிகச்சிறந்த நடிப்புகளுள் ஒன்று அதனோடு சேர்ந்தே இருட்டறைக்குள் போனது.

கோர்பச்சேவ் காலத்தில் பல படங்களுக்கு விடுதலை கிடைத்தபோதும் இதற்குக் கிடைக்கவில்லை. 1987 இல் மொஸ்கோ திரைப்பட விழாவின் செய்தியாளர் சந்திப்பொன்றில் அஸ்கோல்டோவ் எழுந்து, தமது படம் இன்னமும் சிறைப்பட்டிருப்பதை வெளிநாட்டார் முன்னிலையில் சொன்னார். அதன்பின்னரே அது திரையிடப்பட்டது. மறுவருடம் பேர்லின் விழாவில் வெள்ளிக்கரடி விருதும் கிடைத்தது.

அவருக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. 2018 மே மாதத்தில் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் காலமாகும்வரை இரண்டாவது கதைப்படம் எதனையும் அவர் எடுக்கவில்லை.