கடலில் ஊற்றினாலும் அளந்து ஊற்று



‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. அளவின் அருமையைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்டிச் சேர்த்த பாலை ஸ்டோரில் நிறுப்பார்கள். மெட்ரோலாக் என்னும் மிதவையை அதில் இறக்கி, உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்ப்பார்கள். பிறகுதான் கிராணி பேரேட்டில் எழுதுவார். அந்த எண்தான் நம் பெற்றோரின் சம்பளம். அளவுகோல் யார் கையில் இருந்ததோ, அவர் சொன்னதே கணக்காக இருந்தது.

இன்று அதே அளவைப் பற்றித்தான் பேசப்போகிறோம். ஆனால் பால்மரக் காட்டில் அல்ல, கடலில். சிறு படகுக்கு எஞ்சின் எப்படி வந்தது, அது குடிக்கும் எண்ணெயை அளக்க மனிதன் எப்படிக் கற்றுக்கொண்டான் என்பதே இன்றைய வரலாறு.

தோட்டத்துக்காரர்களுக்குக் கடல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பெர்மாஸ் ஜெயாவில் நின்று தெற்கே பார்த்தால் ஜொகூர் நீரிணை. அதற்கு அப்பால் சிங்கப்பூர். இந்த வட்டாரத்தில் காடும் தோட்டமுமாக இருந்த இடங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகள். பாசிர் கூடாங் துறைமுகம் 1977-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பிறகு தொழிற்சாலைகளும் பெருகின. தோட்டத்திலிருந்து வெளியேறி இங்கே குடியேறிய நம் பிள்ளைகளில் சிலர் ஓய்வு நாளில் தூண்டிலோடு படகேறுகிறார்கள். சிலர் படகில் வேலையே செய்கிறார்கள். ஆகவே இது நமக்கும் உரிய செய்திதான்.

முதலில் இந்த நீரிணையின் கதையைச் சற்றுப் பார்ப்போம். எஞ்சின் வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஓராங் செலேத்தார் என்னும் பூர்வகுடி மக்கள் இங்கே படகையே வீடாக்கி வாழ்ந்தார்கள். துடுப்பும் நீரோட்டமுமே அவர்களுடைய எஞ்சின். ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது என்று அறிந்து, நீர் போகும் பக்கமே போய், நீர் திரும்பும்போது திரும்பினார்கள். எண்ணெய்ச் செலவு கிடையாது. கைவலி மட்டுமே செலவு.

1924-ஆம் ஆண்டு ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தரை முறைப்படி திறக்கப்பட்டது. தொடக்கத்தில் சிறு படகுகள் கடக்க அதில் ஒரு மதகு வழி இருந்தது. பின்னாளில் அதுவும் மூடப்பட்டது. அதனால் இன்று கிழக்குப் பக்கத்துப் படகு மேற்குப் பக்கம் போக வேண்டுமானால் சிங்கப்பூர்த் தீவையே சுற்ற வேண்டும். 1927-ஆம் ஆண்டு உடன்படிக்கை நீரிணையில் எல்லையை வகுத்தது. 1995-ஆம் ஆண்டு உடன்படிக்கை அதைத் துல்லியமாக வரையறுத்தது. இந்த எல்லையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுநீரிணையில் எண்ணெய் தீர்ந்து எஞ்சின் நின்றுவிட்டால், நீரோட்டம் படகை எந்தப் பக்கம் தள்ளும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கப்பல் போகும் வழியில் தள்ளலாம். அயல்நாட்டு நீர்ப்பரப்பிலும் தள்ளலாம். ஒரு போத்தல் பெட்ரோல் குறைந்ததால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இனி எஞ்சினின் கதை. படகின் பின்பலகையில் மாட்டும் எஞ்சினை மலாய்க்காரர்கள் ‘எஞ்சின் சங்குட்’ என்கிறார்கள். சங்குட் என்றால் மாட்டுவது, தொங்கவிடுவது. பொருத்தமான பெயர். இத்தகைய எஞ்சினை வெற்றிகரமாக விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஓலே எவின்ரூட். நார்வே நாட்டில் 1877-இல் பிறந்து, சிறுவனாகவே அமெரிக்காவில் குடியேறியவர். அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஏரியின் நடுவே ஒரு தீவில் நண்பர்களோடு இருந்தபோது, தமக்கு வாய்க்கவிருந்த மனைவி பெஸ் ஐஸ்கிரீம் வேண்டும் என்றாராம். ஓலே துடுப்பு வலித்துப் போய் வாங்கித் திரும்புவதற்குள் அது உருகிவிட்டதாம். கதை எப்படியோ, 1909-ஆம் ஆண்டு மில்வாக்கி நகரில் அவர் செய்த எஞ்சின் ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்டது. எடை 62 பவுண்டு, அதாவது 28 கிலோ. ஓர் ஆள் தூக்கி மாட்டலாம். கணக்கும் கடிதப் போக்குவரத்தும் விளம்பரமும் பார்த்தவர் பெஸ். கணவர் கருவி செய்தார். மனைவி கணக்கு எழுதினார். வியாபாரம் வளர்ந்தது.

ஜப்பானின் யமஹா நிறுவனம் 1960-இல் தன் முதல் படகு எஞ்சினை வெளியிட்டது. ஹோண்டா நிறுவனம் 1964-இல் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினோடு வந்தது. ஆயினும் ஆசியக் கடற்கரைகளில் நெடுங்காலம் ஓடியவை பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களே. விலை குறைவு, எடை குறைவு, பழுதுபார்ப்பது எளிது. ஆனால் ஒரு குறை உண்டு. கார்புரேட்டர் வைத்த பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில், உள்ளே போகும் எண்ணெயில் ஏறக்குறைய கால் பங்கு வரை எரியாமலே புகையோடு வெளியே போய்விடும். எண்ணெய் மலிவாக இருந்தவரை இதை யாரும் பொருட்படுத்தவில்லை.

1973-ஆம் ஆண்டு அக்டோபரில் மத்தியக் கிழக்கில் போர் மூண்டது. பீப்பாய் ஒன்றுக்கு ஏறக்குறைய 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. 1979-இல் விலை மீண்டும் பாய்ந்தது. துடுப்பைக் கைவிட்டு எஞ்சினுக்கு மாறியிருந்த மீனவன் திகைத்துப் போனான். பிடித்த மீனில் பாதியை எண்ணெய்க்கே கொடுப்பதா? தமிழகத்தின் கன்னியாகுமரிக் கரையிலும் கேரளத்திலும் பெட்ரோலில் எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். அப்போதும் கடன் நின்றபாடில்லை.

இந்த நெருக்கடிக்கு விடை தேடியவர்களில் ஓர் அமைப்பு நம் கவனத்துக்கு உரியது. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 1979-இல் வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் தலைமையகம் மதராஸ். இந்தியா, இலங்கை, வங்காளதேசம், தாய்லாந்து ஆகியவற்றோடு நம் மலேசியாவும் அதில் இடம்பெற்றது. சிறு மீன்பிடிப் படகுகளின் எண்ணெய்ச் செலவைக் குறைப்பது எப்படி என்று, படகுப் பொறியாளர் கல்பிரான்சன் எழுதிய நூல் ஒன்றை 1986-இல் அத்திட்டம் மதராசில் வெளியிட்டது.

எண்ணெய்ச் செலவில் முதற்பாடம் வேகம். நீரைப் பிளந்துகொண்டு செல்லும் கனமான படகில் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், மணிக்குச் செலவாகும் எண்ணெய் கால் பங்கு அளவுக்குக் குறையும். கரை சேரச் சற்றுக் கூடுதல் நேரம் பிடித்தாலும், அதே தூரத்துக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் மிச்சம். அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டினால் இன்னும் மிச்சம். ஆனால் எவ்வளவு மிச்சமாயிற்று என்பதை அறிய வேண்டுமானால் முன்பு எவ்வளவு செலவாயிற்று என்பது தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் அளவை வருகிறது.

பழைய அளவுகோல் ஒரு குச்சி. தொட்டியில் விட்டு எடுத்து, ஈரம் எவ்வளவு உயரம் என்று பார்த்தார்கள். பிறகு தொட்டி மூடியில் மிதவை முள் வந்தது. அலையில் படகு ஆடினால் முள்ளும் ஆடும். இவ்விரண்டும் தொட்டியில் மீதி எவ்வளவு என்று சொல்லுமே தவிர, இந்த நேரத்தில் எஞ்சின் எவ்வளவு குடிக்கிறது என்று சொல்வதில்லை.

அதைச் சொல்ல வந்தது ஓட்டமானி. தொட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயின் நடுவே பொருத்தும் சிறு கருவி அது. உள்ளே ஒரு சின்னச் சக்கரம். எண்ணெய் ஓட ஓட அது சுற்றும்; ஒவ்வொரு சுற்றையும் ஒரு மின்கருவி எண்ணும். மணிக்கு இத்தனை லிட்டர் என்று ஓட்டுபவர் கண்முன் காட்டும். 2000-ஆம் ஆண்டையொட்டி, படகுக் கருவிகள் எல்லாம் ஒரே கம்பியில் பேசிக்கொள்ளும் பொது முறையும் வந்தது. இன்று புதிய எஞ்சின்கள் பல தம் செலவைத் தாமே சொல்கின்றன.

பழைய எஞ்சினுக்கு இதைப் பொருத்துவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வடிகட்டிக்குப் பிறகு பொருத்தினால் தூசி சக்கரத்தைப் பிடிக்காது. இரண்டு எஞ்சின் இருந்தால் இரண்டு மானி வேண்டும். குழாய் இணைப்பில் கசிவு கூடாது. பெட்ரோல் ஆவி தீப்பொறிக்குக் காத்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கருவி சொன்னதை அப்படியே நம்பிவிடக் கூடாது. தொட்டியை நிரப்பி, ஓடித் திரும்பி, அளந்த டின்னால் மறுபடி நிரப்பிப் பார்க்க வேண்டும். கருவி 18 லிட்டர் என்று சொல்லி, டின் 20 லிட்டர் பிடித்தால், கருவியைத் திருத்த வேண்டும். ஸ்டோர்த் தராசை எடைக்கல் வைத்துச் சோதிப்பது போலத்தான்.

கருவி வாங்க வசதியில்லையா? டின்னும் கடிகாரமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: 40 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 18 லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள். 24 லிட்டர்த் தொட்டி எவ்வளவு நேரம் தாங்கும்? 1 மணி 20 நிமிடம். கடலோடிகளின் விதி, மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு. அப்படியானால் போவதற்கு 8 லிட்டர்தான். 27 நிமிடம் கூட இல்லை. இந்தக் கணக்கைக் கரையிலேயே போட்டவர் நடுநீரிணையில் தவிக்க மாட்டார்.

நேயர்களே, நம் முன்னோர் நிறுத்த பாலை இன்னொருவர் அளந்தார், இன்னொருவர் எழுதினார். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் அந்தப் பேரேட்டை நாமும் எட்டிப் பார்த்தோம். எண்ணெய்க் கணக்கையும் கடைக்காரரின் பற்றுச்சீட்டுக்கே விட்டுவிட வேண்டாம். படகில் போகும் பிள்ளை இருந்தால், அவன் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், ஊற்றிய லிட்டர், மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை அதைக் கூட்டிப் பாருங்கள். நம் உழைப்பின் கணக்கு நம் கையில் இருக்கட்டும்.