வெட்டையும் வெட்கமும்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையை வலம்வருவோர், 14 கிலோமீட்டர்ப் பாதையின் மேற்குப் பகுதியில் அடி அண்ணாமலையை அடைகிறார்கள். ஆதி அண்ணாமலையார் கோயில் கொண்டிருக்கும் சிற்றூர்; மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய தலம் என்று மரபு போற்றும் இடம். பாதையோரத்தில் மூலிகைப் பொடி விற்போரிடம் நெருஞ்சில் உண்டு, ஆவாரம்பூ உண்டு, சிறுபீளை உண்டு. சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் உரக்கக் கேட்டு வாங்கும் ஆண்கள், 'நீர்க்கடுப்பு', 'வெட்டை' என்னும் சொற்களுக்கு வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். இந்தத் தாழ்ந்த குரலுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆண்களின் சிறுநீர்த்தாரையில் உண்டாகும் தொற்றைப் பற்றி எழுதப் புகுந்த நாம், மருந்துகளின் கதையோடு இந்தக் குரலின் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்ணாமலையில் தொடங்குவோம். அருணகிரிநாதர் இளமையில் காமத்தில் திளைத்தார், அதன் பயனாகப் பெருநோய் பற்றியது, வெட்கமும் வேதனையும் தாளாமல் வல்லாள மகாராசன் கோபுரத்தின்மேல் ஏறிக் குதித்தார், முருகன் தாங்கிக்கொண்டான். இவ்வூரில் குழந்தைகளும் அறிந்த கதை இது. இதற்கு வரலாற்றுச் சான்று கிடையாது. எனினும் அருணகிரியாரின் காலத்தை ஓரளவு துணியலாம். திருப்புகழ் குறிப்பிடும் பிரபுடதேவ மன்னனை 1422 முதல் 1446 வரை ஆண்ட விசயநகரத்து இரண்டாம் தேவராயன் என்று ஆய்வாளர் கொள்வர்.

இங்கே ஒரு முடிச்சு உள்ளது. பரத்தமையால் வந்து உடலெங்கும் புண்ணாக வெளிப்படும் நோய் என்றால் நம் மனம் இன்று சிபிலிஸையே எண்ணும். தமிழில் அதற்குப் 'பறங்கிப் புண்' என்று பெயர். பெயரே சொல்வதுபோல, 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பின்னர் பறங்கியரோடு கரையேறிய நோய் அது. 16ஆம் நூற்றாண்டின் பாவப்பிரகாசம் என்னும் ஆயுர்வேத நூல் 'பிரங்க ரோகம்' என்று அதை வருணிக்கிறது. அதற்குச் சீனத்திலிருந்து வந்த மருந்துக்கிழங்கும் நம்மிடம் பறங்கிப்பட்டை ஆயிற்று. ஆகவே அருணகிரியாரைப் பற்றிய நோய் அதுவாக இருந்திருக்க இயலாது. தொழுநோய் என்றாலோ, அது பரத்தமையால் வருவதன்று. காமத்தையும் புண்ணையும் பாவத்தையும் ஒரே கயிற்றில் கட்டும் இக்கதை, பறங்கிப் புண்ணைக் கண்டு அஞ்சிய பிற்காலத்தவர் மனத்தில்தான் இன்றைய வடிவம் பெற்றதோ என்று நாம் ஐயுறுகிறோம். இது ஊகமே. ஆனால் திருத்தணித் திருப்புகழ் ஒன்று இருமல், நீரிழிவு, தலைவலி, சோகை என்று நோய்களை வரிசைப்படுத்தி, பிறவிதோறும் இவை தம்மை வருத்தாதிருக்க வேண்டுகிறது. அந்தப் பட்டியலில் நோய் நோயாகவே இருக்கிறது.

சிறுநீர்த்தாரைத் தொற்று பறங்கிப் புண்ணினும் மிகப் பழையது. நம் மருத்துவ மரபு அதனை 'மேகம்' என்னும் பெருங்குடையின்கீழ் வைத்தது. மேகத்தை இருபது, இருபத்தொன்று என வகைபிரிப்பர். இன்று நீரிழிவு எனப்படும் மதுமேகமும், எரிச்சலோடு சீழ் வடியும் வெட்டையும் அங்கே அண்டைவீட்டார். கண்ணுக்குத் தெரிவது சிறுநீரின் மாற்றம். ஆகவே அதுவே வகைபிரிக்கும் அளவுகோலாயிற்று. வடியும் சீழை விந்து என மயங்கியதும் நம்மவர் மட்டும் செய்த பிழையன்று. 'கொனோரியா' என்னும் கிரேக்கச் சொல்லின் பொருளே 'விந்தொழுக்கு' என்பதுதான். உயிர்ச்சத்து ஒழுகிப்போகிறது என்ற அச்சம் நோயினும் நெடுங்காலம் வாழ்ந்தது. நோயே இல்லாத இளைஞர்கள்கூடத் 'தாது நட்டம்' என்று வாடுவதைக் கண்ட மனநல மருத்துவர் என். என். விக் அந்நிலைக்கு 1960இல் தனிப் பெயரே இட்டார்.

மேலைநாட்டார் வேறொரு மயக்கத்தில் கிடந்தனர். வெட்டையும் பறங்கிப் புண்ணும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் நம்பினார். வெட்டை நோயாளி ஒருவரின் சீழை எடுத்து 1767இல் அவர் சோதனை செய்தார். ஊசி குத்திய இடத்தில் பறங்கிப் புண் தோன்றியது. சீழ் கொடுத்தவருக்கு இரு நோய்களும் இருந்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. பாரிஸ் நகரின் பிலிப் ரிக்கோர் 1838இல் இரண்டையும் பிரித்துக்காட்டும்வரை அந்தப் பிழை நீடித்தது. 1879இல் ஆல்பர்ட் நைசர் சீழில் இரட்டை இரட்டையாக நிற்கும் நுண்ணுயிரைக் கண்டார். வெட்டைக்கு முதன்முறையாக ஒரு முகம் கிடைத்தது.

மருந்து கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அதுவரை ஐரோப்பிய மருந்துக்கடைகள் வெட்டைக்குக் கொடுத்தவற்றில் வால்மிளகும் சந்தன எண்ணெயும் முக்கியமானவை. திருவண்ணாமலைக்கு வடக்கே சவ்வாது மலையில் விளையும் அதே சந்தனம், குப்பியில் அடைக்கப்பட்டுப் பாரிஸிலும் லண்டனிலும் ஆண்களின் இரகசிய நோய்க்கு விலைபோயிற்று. எரிச்சல் சற்றுத் தணிந்திருக்கலாம், கிருமி சாகவில்லை. பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைத் தாரைக்குள் செலுத்திக் கழுவினர். தழும்பால் தாரை சுருங்கிப்போனவருக்கு உலோகக் கம்பிகளை நுழைத்து வழியை விரித்தனர். அந்தச் சிகிச்சையை நினைத்தாலே உடல் கூசுகிறது.

சிகிச்சையைவிடக் கொடியது சட்டம். படைவீரர்களிடையே இந்நோய்கள் பெருகியபோது, சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே 'லாக்' மருத்துவமனைகள் எழுந்தன. 1868இல் வந்த தொற்றுநோய்ச் சட்டம், பரத்தையர் எனக் கருதப்பட்ட பெண்களைப் பதிவு செய்து, கட்டாயமாகச் சோதித்து, நோயுள்ளவரை அடைத்துவைத்தது. அவர்களிடம் சென்ற ஆண்களுக்கு அச்சட்டத்தில் அத்தகைய பதிவில்லை, அடைப்பில்லை. 1888இல் சட்டம் நீக்கப்பட்டது. ஆண் நோயைச் சுமந்து நடப்பான், குற்றத்தைப் பெண் சுமப்பாள் என்னும் ஏற்பாடு மட்டும் நீங்கவில்லை.

1937 அளவில் சல்ஃபா மாத்திரைகள் வந்தன; சில ஆண்டுகளிலேயே கிருமி அவற்றுக்குப் பழகிக்கொண்டது. 1940களில் பெனிசிலின் வந்தது. ஓர் ஊசியில் வெட்டை ஒழிந்ததைக் கண்ட தலைமுறை, கதை முடிந்தது என்றே எண்ணியது. 1976இல் பெனிசிலினைச் சிதைக்கும் நொதி கொண்ட கிருமி கண்டறியப்பட்டது. பின் வந்த சிப்ரோஃப்ளாக்சசினும் பயனிழந்தது. 2009இல் ஜப்பானின் கியோட்டோவில், கடைசி அரணாகிய செஃப்ட்ரியாக்சோனுக்கும் அடங்காத கிருமி பிடிபட்டது. வெட்டைக்கென்றே உருவான சோலிஃப்ளோடசின் என்னும் புதிய மருந்துக்கு அமெரிக்கா 2025 டிசம்பரில் இசைவளித்தது. அதையும் பழையவற்றைப் போல விரயம் செய்தால் அதற்கும் இதே கதிதான்.

சென்னைக்கு இவ்வரலாற்றில் சிறப்பிடம் உண்டு. ஆர். வி. ராஜமும் பி. என். ரங்கையாவும் இங்கிருந்து எழுதிய பால்வினை நோய் நூலொன்றை 1954இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. 1986இல் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சுனிதி சாலமன் குழுவினர் இந்நகரில்தான் கண்டறிந்தனர். தாரையில் அழற்சி இருப்போர்க்கு எச்.ஐ.வி. எளிதில் தொற்றும் என்பதால், வெட்டைக்குச் செய்யும் மருத்துவம் உயிர்காக்கும் மருத்துவமாயிற்று. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம், தாரையில் சீழ் வடிவோர்க்குச் சாம்பல்நிறப் பொட்டலம் ஒன்றை வகுத்தது. 400 மில்லிகிராம் செஃபிக்சிம், 1 கிராம் அசித்ரோமைசின். இரண்டும் ஒரே வேளை. முதல் மருந்து வெட்டைக்கு, இரண்டாவது அதனோடு ஒட்டிவரும் கிளமிடியாவுக்கு. துணைவிக்கும் சேர்த்தே மருந்து தரவேண்டும் என்பது விதி. அங்கேதான் மருத்துவம் தடுக்கி விழுகிறது. வீட்டில் எப்படிச் சொல்வது?

சொல்லாததன் விலை பெரிது. விதைப்பை வீங்கலாம், தாரை அடைபடலாம். பெண்ணுக்கோ அறிகுறியே இல்லாமல் கருக்குழாய் கெடலாம். பிறக்கும் குழந்தையின் கண் பறிபோகலாம். பிள்ளையில்லை என்ற பழியும் அவள் தலையிலேயே விழும். மறுபுறம், எரிச்சல் எல்லாம் ஒழுக்கக்கேடும் அன்று. புராஸ்டேட் வீங்கிய முதியவர்க்கும், கல்லடைப்பு உள்ளவர்க்கும், சர்க்கரை நோயாளிக்கும் குடலில் வாழும் சாதாரணக் கிருமியே சிறுநீர்த்தொற்றை உண்டாக்கும். எது எதுவென்று சோதனைதான் சொல்லும். பழியஞ்சிய முதியவரும் பழிக்கு உரியவராகக் கருதப்பட்ட இளைஞரும் மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அந்த அரைகுறை மருத்துவத்தில்தான் கிருமி பாடம் படிக்கிறது.

2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 8 கோடியே 20 லட்சம் பேருக்குப் புதிதாக வெட்டை தொற்றியது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அத்தனை பேரும் பாவிகள் என்றால், பாவி என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை.

கோபுரத்திலிருந்து விழுந்தவனைத் தாங்கிய கை, நீ ஏன் நோயுற்றாய் என்று கேட்டதாகக் கதையில் இல்லை. எழுந்து பாடு என்றுதான் சொன்னது. அந்தக் கோபுரத்தைக் கும்பிட்டு மலையைச் சுற்றும் நாம், பாதையோரத்தில் குரலைத் தாழ்த்திக் கேட்கும் மனிதரை அந்தக் கண்ணோடு பார்த்தால் போதும். மருத்துவரிடம் செல்ல அவருக்கு வேறு துணை வேண்டியிராது.