லுசாக்கா நகரும் திட்டத்துக்கு வெளியே நின்றோரும்

வளர்முக நாடுகளின் நகரப் பெருக்கம் பற்றிப் பேசப்படுமிடத்துக் கல்கத்தா, லாகோஸ், மெக்சிக்கோ முதலிய மாநகரங்களே பெரிதும் எடுத்துக்காட்டப்படுகின்றன. சில ஆயிரம் மக்களோடு தொடங்கி, ஒரு தலைமுறைக் காலத்துள் சில இலட்சம் பேரைத் தாங்க நேர்ந்த சிறு நகரங்களின் வரலாறு அத்துணைக் கவனம் பெற்றதில்லை. இவ்வகை நகரங்களுள் சாம்பியாவின் தலைநகராகிய லுசாக்கா தனித்து நோக்கத்தக்கது. தலைநகராகத் தெரிவு செய்யப்பட்ட நாள் முதலாகத் திட்ட வரைபடங்களுக்கு அந்நகரிற் குறைவிருந்ததில்லை. அவ்வரைபடங்கள் எவரை நகரவாசிகள் எனக் கணக்கிட்டன என்னும் வினாவிலேயே அதன் இடர்ப்பாடுகளுக்கான மூலகாரணம் தங்கியுள்ளது.

1905ஆம் ஆண்டளவில் லுசாக்கா ஒரு புகையிரதத் தரிப்பிடம் மாத்திரமே. அயலிலிருந்த ஊர்த்தலைவர் ஒருவரின் பெயரே அதற்கு இடப்பட்டது. வட ரொடீசியாவின் தலைநகராக விளங்கிய லிவிங்ஸ்டன் நாட்டின் தென்கோடியில் அமைந்திருந்தமையாலும், அதன் வெப்பம் ஐரோப்பியருக்கு ஒவ்வாதெனக் கருதப்பட்டமையாலும் புதிய தலைநகர் ஒன்றை நிறுவப் பிரித்தானிய ஆட்சியாளர் முடிவு செய்தனர். இதன்பொருட்டு அழைக்கப்பட்டவர், நகரத் திட்டமிடற் பேராசிரியராக விளங்கிய எஸ்.டி. அட்ஸெட் என்பார். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,200 அடி உயரத்தில், காற்றோட்டம் மிக்க மேட்டுநிலமாகவும், சுண்ணக்கற் படைகளின் அடியில் நிலத்தடி நீருடையதாகவும் இருந்த லுசாக்கா தெரிவாயிற்று. 1931இல் வெளியான அவரது திட்டம் அகன்ற வீதிகளும் மரவரிசைகளும் பெரு வளவுகளும் கொண்ட பூங்கா நகர் ஒன்றை வரைந்து காட்டியது. 1935இல் லுசாக்கா முறைப்படி தலைநகராயிற்று.

அத்திட்டத்தில் நகரின் மொத்தக் குடித்தொகை 20,000 எனவும், அதில் 8,000 பேர் ஐரோப்பியர் எனவும் கொள்ளப்பட்டது. ஆபிரிக்கருக்குத் திட்டத்தில் உரிய இடம் வேலையாட்களுக்குரிய இடமே. அவர்கள் சில காலம் உழைத்துவிட்டுக் கிராமத்துக்கு மீள்வர் என்பது ஆட்சியாளரின் எண்ணம். ஐரோப்பியரது வளவுகள் ஏக்கர்க் கணக்கில் விரிந்தன. ஆபிரிக்கத் தொழிலாளிக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் தனியாளுக்கென அமைந்த ஓரறைக் குடில். நகரைக் கட்டிய கைகள் நகரின் நிரந்தரக் கணக்கிற் சேரவில்லை. 1969இல் ஜோன் கொலின்ஸ் என்னும் ஆய்வாளர் லுசாக்கா பற்றித் தாம் வெளியிட்ட ஆய்வுக்குப் 'பூங்கா நகர் என்னும் கட்டுக்கதை' என்ற பொருள்படத் தலைப்பிட்டமை வியப்புக்குரியதன்று.

1948இன் ஆபிரிக்கர் வீடமைப்புச் சட்டம் நிலைமையை ஓரளவு மாற்றியது எனலாம். குடும்பத்தோடு வாழும் தொழிலாளரின் இருப்பை அது ஏற்றது. எனினும் வீட்டை வழங்கும் பொறுப்பு தொழில்கொள்வோரையே சார்ந்திருந்தது. வேலை போயின் வீடும் போயிற்று. கொத்தர், தையற்காரர், கரி விற்போர் எனச் சொந்தமாகத் தொழில் செய்தோருக்கு நகரெல்லைக்குள் சட்டபூர்வமான உறைவிடம் கிடைப்பது அரிதாயிற்று. அவர்கள் நகரின் ஓரத்திலிருந்த ஐரோப்பியரின் பண்ணை நிலங்களில் வாடகை செலுத்திக் குடில் அமைத்தனர். இவ்வாறு தோன்றிய குடியிருப்புகளே பின்னர் 'கொம்பவுண்ட்' என வழங்கலாயின.

1964இல் சாம்பியா சுதந்திரம் பெற்றது. ஆபிரிக்கரின் நடமாட்டத்தின் மீதிருந்த கட்டுப்பாடுகள் நீங்கின. செப்பின் விலை உயர்ந்திருந்த காலமாதலால் அமைச்சகங்கள், பல்கலைக்கழகம், தொழிற்சாலைகள் என யாவும் லுசாக்காவிற் பெருகின. கிராமங்களிலிருந்து மனைவி மக்களோடு வந்தோர் தொகையும் பெருகிற்று. 1963இல் ஏறத்தாழ 1 இலட்சத்து 23 ஆயிரமாக இருந்த குடித்தொகை 1969இல் 2 இலட்சத்து 62 ஆயிரமாயிற்று. 1980இல் 5 இலட்சத்தைக் கடந்தது. நகரெல்லை விரிக்கப்பட்டமைக்கும் இவ்வளர்ச்சியிற் பங்குண்டு. ஆயினும் உண்மையான பெருக்கமே கடுமையானது.

புதிய ஆட்சியாளர் முதலிற் பழைய கண்ணோடேயே இதனை நோக்கினர். அனுமதியற்ற குடியிருப்புகள் அகற்றப்பட வேண்டிய களைகள் எனக் கருதப்பட்டன. இதற்கிடையில் டொக்சியாடிஸ் நிறுவனத்தார் மற்றொரு பெருந்திட்டத்தை வரைந்தளித்தனர். அரசு கட்டி முடித்த வீடுகளின் தொகையோ வந்துசேர்ந்த குடும்பங்களின் தொகைக்கு எவ்வகையிலும் ஈடாகவில்லை. கொம்பவுண்டுகளில் வாழ்ந்தோர் அரசுக்காகக் காத்திருக்கவுமில்லை. அங்கே ஆளுங்கட்சியாகிய ஐக்கிய தேசிய சுதந்திரக் கட்சியின் பிரிவுத் தலைவர்களே காணித்துண்டு ஒதுக்கினர். அயலவரின் வழக்குகளைத் தீர்த்தனர். மாநகர சபையின் பதிவேட்டில் இல்லாத நகரொன்று தனக்கெனச் சிறு ஆட்சியையும் உடையதாயிருந்தது.

1972இல் தொடங்கிய இரண்டாம் தேசிய அபிவிருத்தித் திட்டம் இவ்விடத்தில் ஒரு திருப்பம். அனுமதியற்ற குடியிருப்புகளில் மக்கள் இட்ட உழைப்பும் பணமும் நாட்டின் சொத்து என்றும், அவற்றை இடிப்பதினும் மேம்படுத்துவதே தக்கது என்றும் அரசு ஏற்றது. 1974இல் வீடமைப்புச் சட்டமொன்று நிறைவேறிற்று. மேம்பாட்டுப் பகுதியெனப் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்தில் வாழ்வோர் 30 ஆண்டு குடியிருப்பு அனுமதிப்பத்திரம் பெற அது வழி செய்தது. அவ்வாண்டிலேயே உலக வங்கி 2 கோடி டொலர் கடன் வழங்க இணங்கியது. 1975இன் காணிச் சட்டம் நிலம் முழுவதையும் சனாதிபதியிடம் ஒப்படைத்தமையால் பண்ணை நிலங்களைப் பெறுவதும் எளிதாயிற்று.

ஜோர்ஜ், சாவாமா, சைசா ஆகிய குடியிருப்புகளில் நடைபெற்ற வேலைமுறை விரிவாக அறியத்தக்கது. வீதி எங்கே செல்லவேண்டும் என்பதை அலுவலகத்திலுள்ள பொறியியலாளர் மட்டும் தீர்மானிக்கவில்லை. குடியிருப்பாளரின் பிரதிநிதிகள் அலுவலரோடு நிலத்திலே நடந்து சென்றனர். எந்த வழியிற் சென்றால் குறைந்த வீடுகள் இடிபடும், எந்த வழி சந்தைக்கும் தேவாலயத்துக்கும் உகந்தது என்று வாதிட்டு வீதிக்கோட்டை வகுத்தனர். இடிபட்ட வீட்டுக்காரருக்கு அருகிலேயே புதிய காணித்துண்டும், கட்டடப்பொருளுக்கான கடனும் அளிக்கப்பட்டன. கட்சியின் அடிப்படைப் பிரிவு 25 வீடுகளைக் கொண்டிருந்தது. அதே அளவை ஒட்டி 25 வீடுகளுக்கு ஒரு நீர்க்குழாய் அமைந்தது. சில பகுதிகளிற் குழாய்களுக்கான அகழிகளை மக்களே வெட்டினர். இக்காலத்தின் முன்னும் பின்னும் ஜோர்ஜ் குடியிருப்பை ஆராய்ந்தவர் சுவீடனைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் ஆன் ஸ்லிட்டர் ஆவார். உறைவிட உரிமை உறுதியானதும் மண்சுவர் கற்சுவராவதை இத்தகைய குடியிருப்புகளிற் பரக்கக் காணலாம்.

குறைகளும் இருந்தன. கட்சி வழியே நடந்த பங்கேற்பு, கட்சிக்கு அப்பால் நின்றோருக்கு எத்துணைத் திறந்திருந்தது என்பது ஐயத்துக்குரியது. சேவைக் கட்டணமும் கடன் தவணையும் பெருமளவில் நிலுவையாயின. வாக்குக்குக் கட்சி நாடும் மக்களை நிலுவைக்காக வெளியேற்றக் கட்சி விரும்பாமை இயல்பே. மலநீர்க் குழாய்களுக்கு வேண்டிய பெருஞ்செலவு தவிர்க்கப்பட்டுக் குழி மலசலகூடங்கள் அப்படியே விடப்பட்டன. அன்றைய கணக்கில் இது விவேகமான சிக்கனமாகவே தோன்றியிருக்கும்.

இவை யாவற்றினும் பெரிய குறை வேறொன்று. 1974இன் திட்டம் ஏற்கெனவே வந்துவிட்டோரை நகரவாசிகளாக ஏற்றது. இது அட்ஸெட்டின் வரைபடம் ஒருபோதும் செய்யாத செயல். நாளை வரப்போவோருக்கென முன்கூட்டியே நிலம் ஒதுக்கி, வீதியும் நீரும் வகுத்து வைக்கும் வேலையோ தொடக்கத்தோடு நின்றது. சேவை வசதியுடைய காணித்துண்டுகள் சில ஆயிரம் திட்டத்தில் இடம்பெற்றிருந்தன. அத்திட்டம் முடிந்தபின் அதே அளவில் அது தொடரவில்லை. 1975இற் செப்பு விலை சரிந்தது. அரசின் வருவாயும் சரிந்தது. குடியிருப்பை மேம்படுத்துவது ஒரு முறை செய்து முடிக்கும் பணியாகவும், மக்கள் வருகை முடிவில்லாததாகவும் இருந்தமையால் இரண்டுக்கும் இடையிலான தூரம் ஆண்டுதோறும் விரிந்தது. புதிதாக வந்தோர் கன்யாமாவிலும் மிசிசியிலும், பாறை மேலெழுந்த நிலத்திலும், கைவிடப்பட்ட கற்குழிகளின் ஓரத்திலும் குடியேறினர்.

இங்கேதான் 1931இன் சுண்ணக்கல் மீண்டும் வரலாற்றுள் நுழைகின்றது. அட்ஸெட்டுக்கு நன்னீரின் உறைவிடமாகத் தோன்றிய அப்பாறை, வெடிப்புகளும் துவாரங்களும் மலிந்தது. வடிகால் வெட்டுவதற்குக் கடினமானது. ஆயின் மேலிருந்து இறங்கும் அழுக்கை எளிதில் உள்வாங்குவது. மழைக்காலத்தில் நீர்மட்டம் உயர, குழிகளும் கிணறுகளும் ஒன்றாயின. வாந்திபேதி லுசாக்காவுக்கு அடிக்கடி வருவதாயிற்று. 2017 இறுதியில் நோய் பரவியபோது வீதியோர வியாபாரிகளை அகற்ற இராணுவம் ஈடுபடுத்தப்பட்டது. நகரின் உழைப்பாளரை நகரின் அழுக்காகக் காணும் பழைய வழக்கம் அத்துணை எளிதில் மறைவதில்லை போலும்.

1974இன் சட்டம் 2015இல் புதிய நகர, பிரதேசத் திட்டமிடற் சட்டத்தால் நீக்கப்பட்டது. 2022இன் குடிசன மதிப்பில் நகரின் குடித்தொகை 20 இலட்சத்துக்கு மேலாக இருந்தது. அட்ஸெட் எண்ணிய தொகையின் நூறு மடங்கு அது. 2023 அக்டோபரில் தொடங்கிய வாந்திபேதி, 2024இல் ஓய்வதற்குள் நாடு முழுவதிலும் 700க்கு மேற்பட்டோரைப் பலி கொண்டது. மிகுந்த துயர் கண்டது லுசாக்காவே. வைத்தியசாலைகளில் இடம் போதாமையால், நகரின் தேசிய வீரர் விளையாட்டரங்கு நோயாளருக்கான சிகிச்சை நிலையமாக்கப்பட்டது.