கண் அயரும்போது உடல் திடுக்கிடுவது ஏன்?

படுத்துக் கண் அயரும் நேரத்தில் காலோ கையோ, சில வேளை முழு உடலுமோ தூக்கிப் போடும். படியில் கால் தவறியது போல, கிணற்றுக்குள் விழுவது போல இருக்கும். நெஞ்சு படபடக்க எழும்பிவிடுவோம். கண்டியில் வாழும் எனக்கும் இது வருவதுண்டு. வன்னியிலிருந்து வந்து இங்கே குடியிருப்பவர்களோடு கதைத்தால், "ஷெல்லடிப் பயம் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை" என்பதே சிலர் இதற்குச் சொல்லும் காரணம்.

ஆனால் இந்தத் திடுக்கம் போரைக் காணாத நாடுகளிலும் உண்டு. மருத்துவர்கள் இதை 'ஹிப்னிக் ஜேர்க்' என்பார்கள். பத்துப் பேரில் ஆறேழு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரக்கூடியது. 1959இல் பிரித்தானிய ஆய்வாளர் இயன் ஒஸ்வால்ட் இதை மூளை அலைப் பதிவுகளுடன் ஆராய்ந்து எழுதினார். விழிப்பிலிருந்து உறக்கத்துக்கு மாறும் வேளையில் மூளைத்தண்டிலிருந்து தசைகளுக்குத் திடீரெனக் கட்டளை பாய்வதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. இதனால் உடலுக்குக் கெடுதல் இல்லை.

சிலருக்கு அதே நேரத்தில் தலைக்குள் குண்டு வெடித்தது போலச் சத்தம் கேட்கும். வெளியே எதுவும் நடந்திருக்காது, வலியும் இராது. எங்கள் ஆட்களை இது கூடுதலாகக் கலங்க வைக்கும். ஆனால் இதுவும் வெடிச்சத்தமே கேட்டறியாதவர்களுக்கும் வருவதுதான். 1988இல் நரம்பியல் மருத்துவர் ஜே.எம்.எஸ். பியர்ஸ் இதற்கு 'வெடிக்கும் தலை நோய்க்குறி' என்று பெயரிட்டார். பெயர்தான் பயங்கரம், ஆபத்து இல்லை.

களைப்பு, தூக்கமின்மை, மனக்கவலை, கஃபீன் ஆகியவை திடுக்கத்தைக் கூட்டும். போரின் பங்கு இங்கேதான் வருகிறது. பயத்தில் தூக்கத்தைத் தள்ளிப்போட்டால் களைப்பு ஏறும். களைப்பு ஏறினால் திடுக்கமும் கூடும். கண்டிக் குளிருக்கு இரவிலும் பிளேன்டீ குடிப்பது எங்கள் பழக்கம். குடித்த கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ 5 மணித்தியாலங்கள் ஆகும். ஆகவே கடைசித் தேநீரைப் பின்னேரத்தோடு நிறுத்துங்கள். தினமும் ஒரே நேரத்தில் படுங்கள்.

கவனிக்க வேண்டியவை வேறு. போர்க் காட்சிகள் கெட்ட கனவாகத் திரும்பத் திரும்ப வருதல், பகலிலும் சிறு சத்தத்துக்கு நடுங்குதல், நினைவூட்டும் இடங்களையும் ஆட்களையும் தவிர்த்தல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், அது மனவடுவாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. காலையில் எழும்பிய பின் கை வெட்டி இழுத்துக் கோப்பை தவறுதல், தூக்கத்தில் நாக்கைக் கடித்தல் போன்றவை வலிப்பின் அடையாளமாக இருக்கலாம்.

இவை இருந்தால் கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனை போதனா வைத்தியசாலையிலோ மருத்துவரிடம் காட்டுங்கள். மனநல உதவிக்கு 1926 என்ற தேசிய இலக்கத்தை அழைக்கலாம். எப்போதாவது வரும் வெறும் திடுக்கம் மட்டும் என்றால், மறுபக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குங்கள்.