இளவயதினரில் இரத்தப் புற்றுநோய்: யாழ்ப்பாணக் குடாநாடு

இரத்தப் புற்றுநோய் என்பது என்பு மச்சையில் குருதிக் கலங்களை உண்டாக்கும் மூலக்கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் வரும் நோய். லியூக்கேமியா என்பது இதன் மருத்துவப் பெயர். 15 முதல் 39 வயது வரையானோரைப் புற்றுநோய் மருத்துவம் இளவயதினர் என்று தனியாக வகுத்துப் பார்க்கிறது. இவ்வயதில் இந்நோய் அரிது. வந்தால் பெரும்பாலும் விரைந்து முற்றும் வகையாக இருக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதைக் கண்டறிவதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. காய்ச்சல், களைப்பு, குருதிச் சிறுதட்டுக் குறைவு ஆகிய தொடக்க அறிகுறிகள், மாரியில் பரவும் டெங்குக் காய்ச்சலின் அறிகுறிகளை ஒத்திருக்கின்றன.

வகைகள்

இளவயதினரைத் தாக்கும் இரத்தப் புற்றுநோய்கள் முக்கியமாக மூன்று. கடும் நிணநீர்க்கல வகை, பிள்ளைகளில் 2 முதல் 5 வயதுக்குள் அதிகம் காணப்பட்டாலும் பதின்ம வயதிலும் இருபதுகளிலும் வரக்கூடியது. பதின்ம வயது ஆண்களில் இதன் ஒரு பிரிவு நெஞ்சறையில் கட்டியாக வளர்ந்து மூச்சுமுட்டலை உண்டாக்கும். கடும் மச்சைக்கல வகை, வயது ஏற ஏறக் கூடுவது, இளவயதிலும் உண்டு. இவை இரண்டும் சில கிழமைகளுக்குள் ஆளை வீழ்த்தக்கூடியவை.

மூன்றாவது, நாட்பட்ட மச்சைக்கல வகை. இது மெல்ல வளரும். மேற்கு நாடுகளில் அறுபது வயதைக் கடந்தவர்களிடம் அதிகம் காணப்படும் இந்நோய், தெற்காசியாவில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பவர்களிடமே கூடுதலாகக் கண்டறியப்படுகிறது. இடப்பக்க விலாவின் கீழ் மண்ணீரல் வீங்கிப் பாரமாக இருப்பதும், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவதும் இதன் அடையாளங்கள். வேறு எதற்கோ எடுத்த குருதிப் பரிசோதனையில் வெண்குழியங்கள் இலட்சத்தைத் தாண்டியிருப்பது தெரிந்து நோய் வெளிப்படுவதும் உண்டு.

அறிகுறிகள்

நோய்க்கலங்கள் மச்சையை நிரப்பும்போது இயல்பான குருதிக் கலங்களுக்கு இடமில்லாமற் போகிறது. பெரும்பாலான அறிகுறிகள் இதிலிருந்தே பிறக்கின்றன. செங்குழியம் குறைந்தால் உடம்பு வெளுக்கும், படியேற மூச்சு வாங்கும், களைப்பு மாறாது. நலமான வெண்குழியம் குறைந்தால் காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும், வாயில் புண் ஆறாது. சிறுதட்டு குறைந்தால் முரசில் குருதி கசியும், மூக்கால் குருதி வடியும், அடிபடாமலே தோல் கண்டிப்போகும், கால்களில் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும், பெண்களுக்கு மாதவிடாய்ப் போக்கு மிகும். கழுத்திலும் கமக்கட்டிலும் நெறி கட்டுதல், எலும்பு வலி, காரணமின்றி நிறை குறைதல் ஆகியவையும் சேரலாம்.

இவற்றில் எதுவும் தனியே இரத்தப் புற்றுநோயைக் காட்டுவதல்ல. களைப்புக்கும் வெளுப்புக்கும் இரும்புச்சத்துக் குறைவே மிகப் பொதுவான காரணம். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் சோர்வுக்கு நித்திரைக் குறைவே காரணமாக இருக்கலாம். பல அறிகுறிகள் ஒன்றுசேர்வதும் நாளுக்கு நாள் கூடுவதுமே கவனிக்க வேண்டியவை.

டெங்குக் காய்ச்சலுடனான மயக்கம்

குடாநாட்டின் மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு பெய்கிறது. டெங்கும் அதனோடு தலையெடுக்கிறது. 2023 இன் இறுதியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் டெங்கு கடுமையாகப் பரவியது. 2024 டிசெம்பரில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. இரண்டிலும் சிறுதட்டுகள் குறையும். ஆகவே மாரியில் காய்ச்சலோடு வரும் இளைஞருக்கு 'எஃப்.பி.சி.' எனப்படும் முழுக் குருதி எண்ணிக்கை எடுப்பதும், சிறுதட்டு குறைந்திருந்தால் டெங்கு என்று எண்ணுவதும் வழமையாகிவிட்டன. பெரும்பாலும் அந்த எண்ணம் சரியாகவே இருக்கும்.

வேறுபாடு அதே அறிக்கையின் மற்ற வரிகளில் இருக்கிறது. டெங்குவில் குருதிநீர் நாளத்துக்கு வெளியே கசிவதால் குருதி செறிவடையும். குருதிப்போக்கு இல்லாவிட்டால் ஹீமோகுளோபின் குறையாது. கடும் இரத்தப் புற்றுநோயில் சிறுதட்டோடு ஹீமோகுளோபினும் பெரும்பாலும் தாழ்ந்திருக்கும். வெண்குழிய எண்ணிக்கை மிக உயர்ந்தோ மிகத் தாழ்ந்தோ இருக்கலாம். இயல்பான அளவிலும் இருக்கலாம். டெங்குவில் காய்ச்சல் தணிந்தபின் சிறுதட்டுகள் ஏறத் தொடங்கிப் பத்து நாள் அளவில் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். இரத்தப் புற்றுநோயில் அவை ஏறுவதில்லை. பப்பாசி இலைச் சாறு கொடுத்து மாதக்கணக்கில் காத்திருப்பதன் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

காரணம் தெரியாத காய்ச்சலுக்கும் நெறிக்கட்டுக்கும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்துகளைத் தொடங்குவது மற்றொரு தவறு. நிணநீர்க்கல வகையில் அவை நோயைச் சில நாள் அடக்கிவைத்து, பரிசோதனையிலும் அகப்படாமல் மறைத்துவிடும்.

நோயறிதல்

ஹீமோகுளோபின் ஆண்களில் 13, பெண்களில் 12 கிராமுக்கும், சிறுதட்டு 1,50,000 க்கும் குறையாமல் இருப்பதும், வெண்குழியம் 4,000 முதல் 11,000 வரை இருப்பதும் பொதுவான இயல்பளவுகள். எண்ணிக்கை சந்தேகத்தைத் தந்தால் அடுத்த படி, குருதித் துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. வைத்தியசாலைகளில் இதைப் 'பிளட் பிக்சர்' என்கிறார்கள். முதிராக் கலங்களைப் பயிற்சி பெற்ற கண் இதிலேயே அடையாளம் கண்டுவிடும்.

உறுதிப்படுத்த இடுப்பெலும்பிலிருந்து மச்சை எடுக்கப்படும். மரத்துப்போக ஊசி போட்டபின் செய்யப்படும் இதற்கு முதுகுத்தண்டோடு தொடர்பில்லை. மச்சையில் முதிராக் கலங்கள் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அது பொதுவாகக் கடும் வகை எனக் கொள்ளப்படும். கலங்களின் வகையும் நிறமூர்த்த மாற்றங்களும் அறியப்பட்ட பின்னரே மருந்து தீர்மானிக்கப்படும்.

காரணங்கள்

பெரும்பாலான நோயாளிகளில் காரணம் இன்னதென்று சொல்ல முடிவதில்லை. இது தொற்றாது, பொதுவாகப் பரம்பரையாக வருவதும் இல்லை. அயனாக்கும் கதிர்வீச்சு, முன்பு பெற்ற சில புற்றுநோய் மருந்துகள், புகைத்தல், டவுன் நோய்க்குறி, பன்கோனி சோகை ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். பென்சீன் ஆவியை வேலைத்தளத்தில் நெடுநாள் சுவாசிப்பது மச்சைக்கல வகைக்கு நிறுவப்பட்ட காரணம்.

குடாநாட்டில் இக்கேள்வி கிணற்று நீரோடு பிணைந்தது. சுண்ணக்கல் நிலத்தின் நிலத்தடி நீரையே மக்கள் குடிக்கிறார்கள். சுன்னாகத்தில் அனல் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தது பற்றிய வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு 2019 இல் இலங்கை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நீர் மாசடைந்தது மெய். ஆயினும் ஒருவருக்கு வந்த இரத்தப் புற்றுநோயை அதனோடு முடிச்சுப்போட அது மட்டும் போதாது.

சிகிச்சை

கடும் நிணநீர்க்கல வகைக்கு மருந்தேற்றல் பல கட்டங்களாக 2 முதல் 3 ஆண்டுகள் வரை நீளும். பிள்ளைகளுக்குரிய செறிவான முறையை இளவயதினருக்கும் கையாண்டபோது பயன் கூடியது. மச்சைக்கல வகையின் ஒரு பிரிவான புரோமைலோசைட்டிக் நோயில் முதல் நாள்களிலேயே மூளையில் குருதி கசிந்து சாவு நேரலாம். அந்தக் கட்டத்தைத் தாண்டினால் விற்றமின் ஏ வழிவந்த மருந்தும் ஆர்செனிக் மருந்தும் பத்தில் ஒன்பது பேரளவில் குணப்படுத்துகின்றன. நாட்பட்ட வகைக்கு 2001 இல் வந்த இமாட்டினிப் மாத்திரை, முன்பு சில ஆண்டுகளில் கொன்ற நோயை நாளாந்த மாத்திரையோடு வாழக்கூடிய நோயாக்கியது.

மருந்தேற்றலுக்குப் பின் வெண்குழியம் வீழ்ந்திருக்கும் நாள்களில் உடல் வெப்பம் 38 பாகையைத் தாண்டினால் அது அவசர நிலை. விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பிள்ளைப்பேறு வேண்டுவோர் சிகிச்சை தொடங்குமுன் அதுபற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்.

சிலருக்கு மூலக்கல மாற்றீடு தேவைப்படும். கூடப்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சகோதரர்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிதறியிருக்கும் யாழ்ப்பாணக் குடும்பங்களில் இது பயணத்தையும் விசாவையும் சார்ந்த காரியம். கூடப்பிறந்தவர் பொருந்தாவிட்டால் நாடவேண்டிய கொடையாளர் பதிவேடுகளில் தெற்காசியர் குறைவு. சென்னையில் 2009 இல் தொடங்கிய தாத்ரி என்ற பதிவேடு இக்குறையை நிரப்ப முயல்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1986 முதல் மச்சை மாற்றீடு செய்து வருகிறது.

சிகிச்சை நிலையங்கள்

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையோடு இணைந்த புற்றுநோய் நிலையமும் குடாநாட்டின் முக்கிய நிலையங்கள். பின்னதற்கான நிதியைத் திரட்ட நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவ ஆகியோர் முன்னின்று 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 'ட்ரெயில்' நடைபயணத்தை நடத்தினர். 27 நாள்கள் நீடித்த அந்த நடையின் பயனாக நிலையம் 2013 இல் திறக்கப்பட்டது. மேலதிக சிகிச்சைக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குச் செல்ல நேரலாம்.

சிகிச்சை முழுவதும் குருதிக் கொடையில் தங்கியுள்ளது. சேகரித்த சிறுதட்டுகளைச் சுமார் 5 நாள்களே வைத்திருக்கலாம் என்பதால் கொடை ஆண்டு முழுவதும் தொடர வேண்டும்.

எப்போது பரிசோதிக்க வேண்டும்

காய்ச்சல் தணிந்து இரண்டு கிழமை கழிந்தும் சிறுதட்டோ ஹீமோகுளோபினோ தேறாவிட்டால், எஃப்.பி.சி. பரிசோதனையை மீண்டும் செய்து பிளட் பிக்சரும் எடுக்கும்படி மருத்துவரைக் கேட்க வேண்டும். குருதிக் கசிவு, மூச்சுமுட்டல், கடும் வெளுப்பு ஆகியவை இருந்தால் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. பழைய அறிக்கைகளை எறியாமல் கையோடு கொண்டுபோவது நல்லது. எண்ணிக்கை எந்தத் திசையில் போகிறது என்பதை மருத்துவர் அவற்றை ஒப்பிட்டே அறிவார். அரச வைத்தியசாலைகளில் இப்பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.