கதிரொளியை அளந்த இருவர்

மேற்குத் தொடர்ச்சி மலை இடைவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயை அறியாத தமிழர் அரியர். அக்கணவாயின் மேற்குப் புறத்தே, கல்பாத்தி ஆற்றங்கரையில், பல தலைமுறைகளுக்கு முன் குடியேறிய தமிழ்க் குடிகளின் அக்கிரகாரங்கள் உள்ளன. விசுவநாதசுவாமி கோயில் தேரோட்டத்தால் புகழ் பெற்ற ஊர் அது. கணவாய்க்குத் தெற்கே மலை மீண்டும் ஓங்கி உயர்கிறது. அங்கே, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி வழியாக ஏறிச் சென்றால், தேயிலையும் ஏலமும் விளையும் பீர்மேட்டை அடையலாம். தோட்ட வேலைக்காகத் தமிழ் மக்கள் பல்லாயிரவர் சென்று வாழ்ந்த மலை அது.

இவ்விரண்டு ஊர்களும் அறிவியல் உலகிற்கு ஆளுக்கொருவரை அளித்தன. கல்பாத்தி அளித்தவர் கே. ஆர். இராமநாதன், பீர்மேடு அளித்தவர் அன்னா மணி. இருவர் மேற்கொண்ட பணியும் ஒன்றே. கதிரவன் ஒளியை அளந்து, அதன் வாயிலாக நம் தலைக்குமேல் உள்ள காற்றுவெளியின் இயல்பை அறிவது அப்பணி.

ஒளியை அளந்தால் காற்றை அறிவது எங்ஙனம்? கதிரவனிடமிருந்து வரும் ஒளி, தரையை அடையுமுன் வளிமண்டலம் முழுவதையும் ஊடுருவி வருகிறது. வழியில் தூசி சிறிது தடுக்கிறது. நீராவி சிறிது விழுங்குகிறது. ஓசோன் என்னும் வாயு, உயிர்களுக்குத் தீங்கு செய்யும் புற ஊதாக் கதிர்களைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே தரையை வந்தடையும் ஒளி, தான் கடந்து வந்த வழியைப் பற்றிய செய்தியையும் உடன் கொண்டு வருகிறது. அச்செய்தியைப் படிப்பதற்கே கருவிகள் வேண்டும்.

அவற்றுள் எளியது ஒரு கண்ணாடி உருண்டை. அது வெயிலைக் குவித்து, பின்னால் வைத்த அட்டையைக் கருக்கும். கருகிய கோட்டின் நீளத்தைக் கொண்டு அன்று எத்தனை மணி நேரம் வெயில் அடித்தது என அறியலாம். கதிரவனை நேரே நோக்கி வெப்பத்தின் வலிமையை அளக்கும் பைர்ஹீலியோமீட்டர் இன்னும் நுட்பமானது. இங்கிலாந்து நாட்டு டாப்சன் என்பார் அமைத்த கருவியோ ஓசோனை அளப்பது. ஓசோன் மிகுதியாக உறிஞ்சும் புற ஊதாக் கதிர் ஒன்றையும், குறைவாக உறிஞ்சும் கதிர் ஒன்றையும் அது ஒப்பிடும். இரண்டின் வேறுபாடே ஓசோனின் அளவைக் காட்டிவிடும். மேலே பரவியுள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்டத்து அழுத்தத்திற்குச் சுருக்கினால் சராசரியாக ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமே இருக்கும். உலகத்து உயிர்களுக்கெல்லாம் குடையாக நிற்பது இம்மெல்லிய படலம்தான்.

1928, 1929 ஆண்டுகளில் டாப்சன் தம் தொடக்கக் காலக் கருவிகளை உலகின் சில இடங்களுக்கு அனுப்பினார். அமெரிக்கா, எகிப்து, நியூசீலாந்து ஆகிய நாடுகளோடு இந்தியாவும் ஒன்று பெற்றது. இந்தியாவில் அது நிறுவப்பட்ட இடம் கோடைக்கானல். இடுக்கி மலைகளைக் கிழக்கே தொட்டு நிற்கும் பழனி மலையின்மேல், 1899-ஆம் ஆண்டு நிறுவப்பட்டு, கதிரவனை ஆராய்ந்து வரும் நிலையம் அது. ஓசோன் வரலாற்றில் தமிழ்நாட்டு மலையொன்று இவ்வாறு தொடக்கத்திலேயே இடம் பெற்றது.

இராமநாதன் பிறந்தது 1893-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள். அந்நாளில் பாலக்காடு சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. 1921-இல் அவர் கல்கத்தா சென்று சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி மேற்கொண்டார். அங்கேயும் அவருக்குக் கருவியாய் அமைந்தது சூரிய ஒளியே. தூய நீரில் ஒளிக்கற்றையைச் செலுத்திச் சிதறும் ஒளியை ஆராய்ந்தபோது, 1923-இல், நிறம் மாறிய மங்கிய ஒளி ஒன்றைக் கண்டார். பின்னர் 1928-இல் வெளிப்பட்ட இராமன் விளைவுக்கு முன்னறிகுறி அது. அவ்விளைவு கண்டறியப்பட்ட நாளும் பிப்ரவரி 28 என்பது தற்செயலான ஒற்றுமை.

1925-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்த இராமநாதன், நிலநடுக்கோட்டுப் பகுதியின் மேல் ஏறத்தாழ 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிகக் குளிர்ந்திருப்பதை 1929-இல் எடுத்துக்காட்டினார். கடும் வெயில் காயும் நாடுகளின் உச்சியில், துருவப் பகுதியினும் மிகுந்த குளிர் நிலவுவதை அறிந்து உலகம் வியந்தது. 1948 முதல் அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநராக விளங்கினார். ஓசோன் எந்த உயரத்தில் எவ்வளவு உள்ளது என்பதே அங்கு அவர் ஆராய்ந்த பெரும் வினா.

பலூன் இன்றித் தரையிலிருந்தே இதை அறிய ஒரு வழி உண்டு. சூரியன் சாயும்போது தலைக்கு நேர்மேலே உள்ள வானத்தை டாப்சன் கருவியால் நோக்க வேண்டும். சூரியன் தாழத் தாழ, ஓசோன் மிகுதியாக உறிஞ்சும் கதிர் மற்றதைவிட விரைவாக மங்கிவரும். ஆனால் அடிவானத்தை நெருங்கியதும் அப்போக்கு தலைகீழாகத் திரும்பும். ஓசோன் படலத்திற்கு மேலேயே சிதறி நேர்கீழாக இறங்கும் ஒளி, அப்போது முதன்மை பெறுவதே காரணம். சுவிட்சர்லாந்து அறிஞர் கோட்ஸ் கண்ட இத்திருப்பத்திலிருந்து ஓசோனின் உயரத்தைக் கணக்கிட, இராமநாதனும் தவே என்னும் அறிஞரும் வகுத்த முறை 1957-இல் வெளிவந்தது. 1960-களில் சர்வதேச ஓசோன் ஆணையத்திற்கு இராமநாதன் தலைமை தாங்கினார்.

இனி, பீர்மேட்டுப் பெண்மணியைக் காண்போம். அன்னா மணி 1918-இல், அன்றைய திருவிதாங்கூர் நாட்டில் பிறந்தார். பிறந்தநாளுக்கு வைரத்தோடு வேண்டாம், கலைக்களஞ்சியமே வேண்டும் என்று எட்டு வயதில் கேட்டவர் என்பர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் இராமனிடம் வைரத்தின் ஒளியியலை ஆராய்ந்தார். தோடாக வேண்டாமென்ற வைரம் ஆராய்ச்சிப் பொருளாக வந்தது போலும்! 1945-இல் இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளின் நுட்பம் கற்று, 1948-இல் திரும்பிப் புனாவிலுள்ள வானிலைத் துறையில் சேர்ந்தார்.

அந்நாளில் நம் நாடு வானிலைக் கருவிகளுக்குப் பெரிதும் பிறநாடுகளையே நம்பியிருந்தது. ஏறத்தாழ நூறு கருவிகளுக்கு அன்னா மணியும் உடன் உழைத்தோரும் திட்டமான வரைபடங்கள் ஆயத்தம் செய்து, அவற்றை இங்கேயே செய்விக்க வழி வகுத்தனர். 1957, 1958-இல் நடைபெற்ற சர்வதேசப் பூபௌதிக ஆண்டையொட்டி, கதிரவன் ஒளியை அளக்கும் நிலையங்கள் நாட்டின் பல பாகங்களில் அமைந்தன. 1960-களில் பலூனில் ஏறிச் சென்று ஓசோனை அளக்கும் ஓசோன்சோண்டே என்னும் கருவியை உள்நாட்டிலேயே உருவாக்கினார். வேதிவினையில் பிறக்கும் சிறு மின்னோட்டத்தால் அது ஓசோனின் அளவை அறிவிக்கும். பின்னாளில் அண்டார்க்டிகாவின் மைத்ரி நிலையத்திலும் இந்தியக் கருவிகள் வானில் ஏறின.

தவறான அளவை விட அளக்காமல் இருப்பதே மேல் என்பது அன்னா மணியின் கொள்கை. இது வெறும் கண்டிப்பு அன்று. ஒரு கருவி சிறிதே பிழை காட்டினாலும், ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நிகழும் மாறுதல் கருவியின் பிழையா, வானத்தின் மாற்றமா என்று பிரித்தறிய இயலாது. ஆகவே கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திருத்துவதை அவர் தலையாய கடமையாகக் கருதினார்.

அக்கடமையின் பயனை உலகம் விரைவில் உணர்ந்தது. இராமநாதன் 1984-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு மே மாதம், அண்டார்க்டிகாவின்மேல் இளவேனில்தோறும் ஓசோன் பெரிதும் குறைந்துவருவதைப் பிரிட்டிஷ் அறிஞர் மூவர் வெளியிட்டனர். அதைக் காட்டிக் கொடுத்தது, 1950-களிலிருந்து பொறுமையாகக் குறித்துவந்த டாப்சன் கருவியின் கணக்கே. பழைய கணக்கு சரியாக இருந்திராவிடில், புதிய குறைவு புலப்பட்டிருக்குமா? 1987-இல் நாடுகள் மான்ட்ரியல் நகரில் கூடி, ஓசோனை அழிக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்த உடன்பாடு செய்தன. அவ்வாண்டிலேயே இந்திய தேசிய விஞ்ஞானக் கழகம் அன்னா மணிக்கு ஒரு பதக்கம் வழங்கியது. அதன் பெயர் கே. ஆர். இராமநாதன் பதக்கம். 2001-இல் திருவனந்தபுரத்தில் அன்னா மணி மறைந்தார்.

நேயர்களே! அகமதாபாத்திலும் புனாவிலும் தில்லியிலும் பிழைப்பின் பொருட்டு வாழும் நம்மவர்கள், சொந்த மண்ணைவிட்டு வந்தோமே என்று சில வேளை மனம் தளர்வதுண்டு. இராமநாதனும் அன்னா மணியும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்நகரங்களிலேதான் கழித்தனர். கல்பாத்தியில் காய்ந்த வெயிலையும் பீர்மேட்டு மலைமேல் தவழ்ந்த மேகத்தையும் கண்டு வளர்ந்தவர்கள், எங்கிருந்தாலும் தலைக்குமேல் ஒரே வானம் என்பதை உணர்ந்து, அதை நாள்தோறும் பிழையின்றி அளந்து எழுதிவைத்தனர். அந்த ஏடுகளின் பயன், எழுதியவர்க்கு மட்டுமன்றிப் பின்வந்த தலைமுறைகளுக்கும் கிட்டியது. செய்யும் பணி சிறிதாயினும், அதன் கணக்கை உண்மையாக வைப்பவரே நாட்டிற்கு நிலையான பொருள் சேர்ப்பவர்.