உரிமத் தகராறு யாருடையது? உயிரிழப்பு இழப்பீட்டு வழக்குகளில் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு

சாலை விபத்தில் கணவரை இழந்த பெண் இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்துக்கு வருகிறார். லாரி ஓட்டுநரை வேலைக்கு வைத்தவர் அவரல்லர். பாலிசியில் கையொப்பமிட்டவரும் அல்லர். ஆனாலும் காப்பீட்டு நிறுவனத்தின் எதிருரை அவருக்கு எதிராகச் சொல்வது இதுதான்: ஓட்டுநரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லை, ஆகவே நாங்கள் பொறுப்பல்ல.

இந்த எதிர்வாதத்துக்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 149(2)ஆம் பிரிவு இடம் கொடுத்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 2022 ஏப்ரல் 1 முதல் அது 150ஆம் பிரிவில் இருக்கிறது. பிரிவு இருப்பதில் குறையில்லை. உரிமம் இல்லை என்று தெரிந்ததுமே பாலிசி நிபந்தனை மீறப்பட்டதாக எடுத்துக்கொண்டு விசாரணையை முடித்துவிடும் வழக்கம்தான் பிழை.

மீறல் என்றால் என்ன என்பதை உச்ச நீதிமன்றம் 1987இலேயே ஸ்கேண்டியா வழக்கில் விளக்கியது. உரிமம் பெற்ற ஓட்டுநர் இன்ஜினை அணைக்காமல் தின்பண்டம் வாங்க இறங்கிப் போனார். உரிமமில்லாத கிளீனர் லாரியை நகர்த்தினார். ஓர் உயிர் போயிற்று. தகுதியுள்ள ஓட்டுநரை அமர்த்திய உரிமையாளர் தன் பங்கைச் செய்துவிட்டார், மீறல் அவருடையதல்ல என்றது நீதிமன்றம். சுவரன் சிங் வழக்கில் 2004 ஜனவரி 5 அன்று மூவர் அமர்வு இதை இன்னும் விரித்தது. மீறலை நிரூபிக்கும் சுமை நிறுவனத்துக்கு உரியது. உரிமையாளர் கவனக்குறைவாக இருந்தார் என்று அது காட்ட வேண்டும். அந்த மீறல் விபத்துக்கே காரணமாகும் அளவுக்கு அடிப்படையானதாக இருக்க வேண்டும். இவையெல்லாம் நிரூபணமானாலும், நிறுவனம் முதலில் பணத்தைச் செலுத்திப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் எனத் தீர்ப்பாயம் ஆணையிட முடியும்.

நடைமுறையைப் பார்ப்போம். உரிமையாளருக்கு அனுப்பிய அழைப்பாணை திரும்பி வருகிறது, அல்லது பெற்றுக்கொண்டும் அவர் வருவதில்லை. ஒருதலைப்பட்ச ஆணை ஆகிறது. நிறுவனம் ஆர்.டி.ஓ. அலுவலக உதவியாளரைச் சாட்சியாக அழைக்கிறது. பதிவேட்டில் உள்ளதை அவர் சொல்கிறார். அந்தப் பெயரில் உரிமம் இல்லை. பெரும்பாலும் குறுக்கு விசாரணைகூட இருப்பதில்லை. வேலைக்குச் சேர்க்கும்போது உரிமையாளர் உரிமத்தை வாங்கிப் பார்த்தாரா, போலி என்று அவருக்குத் தெரிந்திருக்குமா? பதில் சொல்ல வேண்டியவர் அங்கே இல்லை. அவர் வராததையே அவருக்கு எதிரான ஊகமாக்கிவிட்டால் சுமை ஓசையின்றி இடம் மாறிவிடுகிறது. உரிமம் இல்லாதது விபத்துக்குக் காரணமா என்பதை யாரும் எழுப்புவதே இல்லை. உரிமம் இல்லையா, உரிமையாளர் கவனக்குறைவாக இருந்தாரா, அந்த மீறல் விபத்துக்குக் காரணமா என்ற மூன்று கேள்விகளில் முதலாவதற்குத்தான் விடை கிடைத்திருக்கிறது. தீர்ப்பு மூன்றையும் முடித்துவிடுகிறது.

காரணத் தொடர்பு எவ்வளவு மெலிந்தது என்பதற்கு இலகுரக வாகன வழக்குகளைவிட நல்ல சான்று இல்லை. அந்த வகை உரிமம் வைத்திருப்பவர் சிறிய சரக்கு வண்டி ஓட்டினால் போக்குவரத்து வாகனத்துக்கான தனி அனுமதி இல்லை என்ற வாதம் பல ஆண்டுகள் நடந்தது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு அது தேவையில்லை என்று ஐவர் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்த்தது. இத்தகைய ஓட்டுநர்களால் விபத்து கூடியது என்பதற்குத் தரவு எதையும் யாரும் முன்வைக்கவில்லை என்பதையும் அமர்வு கவனித்தது. அத்தனை ஆண்டுகள் ஓடிய வாதத்துக்குப் பின்னால் ஒரு புள்ளிவிவரம்கூட இல்லை!

(இறந்தவரே உரிமமில்லாமல் இருசக்கர வண்டி ஓட்டியிருந்தால் அதுவும் பங்களிப்புக் கவனக்குறைவு என்று வாதிடுகிறார்கள். உரிமமின்மை மட்டுமே அப்படி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சொல்லிவிட்டது.)

நிறுவனங்களின் மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. உரிமமில்லாதவரிடம் சாவியைக் கொடுக்கும் உரிமையாளருக்கு யார் தண்டனை தருவது? அதற்குத்தான் நிறுவனத்தின் வசூல் உரிமை இருக்கிறது. தனி வழக்குத் தொடராமல் நிறைவேற்று மனு வழியாகவே பெறலாம் என 2004இலேயே உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. ஒற்றை லாரி வைத்திருப்பவரிடம் வசூலிக்க எதுவும் இருக்காது என்பது உண்மைதான். அந்த இடரை யாராவது சுமந்தாக வேண்டும். பாலிசி விற்று பிரீமியம் வாங்கியது நிறுவனம். மூன்றாம் நபர் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியது, உரிமையாளர் கையில் காசில்லாதபோதும் இறந்தவர் வீட்டுக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆகவே தீர்ப்பாயம் மூன்று கேள்விகளையும் தனித்தனி எழுவினாக்களாக வனைய வேண்டும். முதலாவதற்கு மட்டும் நிறுவனம் சாட்சியம் தந்திருந்தால், பொறுப்பிலிருந்து விடுவிக்கவும் கூடாது, வசூல் உரிமையை இயந்திரத்தனமாக வழங்கவும் கூடாது. உரிமையாளரின் கவனக்குறைவு தனியே நிரூபணமானால் மட்டுமே அந்த உரிமை. மனுதாரருக்குரிய தொகையோ எந்த நிலையிலும் இந்தத் தகராறு முடியும்வரை காத்திருக்கக் கூடாது.